மூன்று மணிப் பெரட்டு

இந்த வருஷம் நம்ம குழுவுக்குப் புதிதாக நாலு பேர் வந்திருக்கிறீர்கள். ரெண்டு பேர் ஹட்டன் டவுன், ஒருத்தி மஸ்கெலியா, ஒரு தம்பி பூண்டுலோயா. அட்டை அடித்து அதில் 'வெடிங் பிளானர்' என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். போட்டுக்கொள்ளுங்கள், நல்லாத்தான் இருக்கிறது. நான் வந்த காலத்தில் இந்த வேலைக்குப் பேரே கிடையாது. ஒன்பது வருஷம் கொழுந்தெடுத்தவள், 1994இல் சித்தி மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறப் போனேன். அங்கே பிடித்து அடுப்படியில் விட்டார்கள். அடுப்படியிலிருந்து மணவறைப் பக்கம் வரப் பத்து வருஷம் ஆனது.

வாயால் சொன்னால் தலையை ஆட்டுகிறீர்கள், அன்றைக்கு மறந்துவிடுகிறீர்கள். அதனால் கொப்பியில் இலக்கம் போட்டு எழுதியிருக்கிறேன். ஆளாளுக்குப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முகூர்த்தம் ஆறரை என்றால் நமக்குப் பெரட்டு மூன்று மணிக்கு. டவுன் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: காலையில் கணக்கப்பிள்ளை எல்லாரையும் ஓரிடத்தில் நிறுத்தி, யாருக்கு எந்த மலை, எத்தனை பேர் கொழுந்துக்கு, எத்தனை பேர் கவ்வாத்துக்கு என்று பிரித்துவிடுவார். அதுதான் பெரட்டு. வெள்ளைக்காரத் துரை 'பரேட்' என்றது நம்ம வாயில் அப்படி ஆகிவிட்டது. அது நடக்கும் இடம் பெரட்டுக்களம். தோட்டத்துக் கல்யாணப் பந்தல் பாதி நேரம் அங்கேதான் விழும், வேறு சமதரை கிடையாது.

நம்ம பெரட்டில் ஒவ்வொருவரும் தன் வேலையைத் தன் வாயால் சொல்லவேண்டும். "நான் இலை", "நான் தண்ணி", "நான் பொண்ணு ரூம்", "நான் பஸ்". ஒரு ஆளுக்கு ஒரு வேலை. "நான் எல்லாத்தையும் பாத்துக்கிறேன் அக்கா" என்று சொல்கிறவனை நான் வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்திவிடுவேன். எல்லாவற்றையும் பார்க்கிறவன் எதையும் பார்க்கமாட்டான்.

வாட்ஸ்அப் குரூப்பை நம்பாதே. டவுன் மண்டபத்தில் அது சரி. ஒரு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் சிக்னல் செத்துவிடும். அந்தத் தோட்டத்திலேயே பத்து, பன்னிரண்டு வயசில் ரெண்டு பயல்களைப் பிடித்து வைத்துக்கொள். படிக்கட்டும் குறுக்குப்பாதையும் அவர்களுக்கு அத்துப்படி. அடுப்படிக்கும் மணவறைக்கும் இடையில் அவர்களைப்போல ஓட நம்மில் யாருமில்லை. ஆளுக்கு ஒரு சோடாவும் ரெண்டு வடையும் கூலி. கொடுப்பதாகச் சொன்னால் கொடுத்துவிடு, மறக்கமாட்டார்கள்.

2. முதல் நாளே பாதையை நடந்து பார். வாகனத்தில் போய்ப் பார்த்தேன் என்று என்னிடம் சொல்லாதே. நட.

தார் ரோடு முடிந்த இடத்தில் லொறிக்காரன் நிறுத்திவிட்டு "இதுக்கு மேல வராது" என்பான். அவனைக் குறை சொல்லமுடியாது, அச்சு முறிந்தால் அவனுக்கு ஒரு மாத வருமானம் போகும். அங்கேயிருந்து சனம் குடியிருக்கிற லயம் ஒரு கிலோமீட்டரா, ரெண்டா? இருநூறு கதிரை, நாலு அண்டா, மணவறைச் சாமான், கேஸ் சிலிண்டர் எல்லாம் தோளில் போகவேண்டும். அதற்கு எத்தனை ஆள், எத்தனை நடை என்று முதல் நாளே கொப்பியில் எழுது. வழுக்குகிற வளைவு எது, பொண்ணு சேலையைப் பிடித்துக்கொண்டு இறங்கும் படிக்கட்டில் எந்தக் கல் ஆடுகிறது, பார். ஆடும் கல்லுக்கு அடியில் ஒரு சில்லு வைத்தால் சரியாகிவிடும். இதற்கு யாரும் உனக்குக் காசு தரப்போவதில்லை. பொண்ணு விழுந்தால் மட்டும் உன் பேரைச் சொல்வார்கள்.

3. தை, மாசி, பங்குனி முகூர்த்தங்கள் சிவனொளிபாதமலைப் பருவத்துக்குள் விழும். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரைக்கும், சனி ஞாயிறிலும் போயா நாளிலும் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி வரைக்கும் ரோடு நிரம்பி நிற்கும். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலம். கொழும்பு முழுக்க மேலே வந்துவிடும், ஹோட்டலில் ரூம் கிடையாது, வேன்காரன் கேட்டதுதான் வாடகை. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஐம்பதுக்கும் குறைவான கிலோமீட்டர்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தால் "ஒரு மணித்தியாலம்தானே" என்பார்கள். போனில் காட்டுகிற நேரத்தோடு பாதி நேரத்தைக் கூட்டிச் சொல். மூடுபனி இறங்கினால் இன்னொரு பாதி.

நானுஓயாவில் ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸை இறக்கச் சொல்லி டிரைவரை அவசரப்படுத்துகிறவன் நம்ம குழுவில் இருக்கக்கூடாது. 2023 ஜனவரியில் அந்த இறக்கத்தில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் செத்தார்கள். முகூர்த்தம் தப்பினால் அடுத்த நல்ல நேரம் பார்க்கக் குருக்களுக்குத் தெரியும்.

பஸ்ஸில் எலுமிச்சம்பழமும் பொலித்தீன் பையும் ஏற்று. வளைவில் பழகாதவர்கள் பட்டுச்சேலையோடு வாந்தி எடுப்பார்கள். வந்து இறங்கியதும் முகம் கழுவ வெந்நீரும், பால் போடாத சாயத் தேத்தண்ணியும் தயாராக இருக்கட்டும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சம்பந்தி வீட்டார் 'நல்ல இடம்' என்று முடிவு செய்கிறார்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

4. குளிரைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியிருக்க மாட்டார்கள், நான் பட்டதைச் சொல்கிறேன்.

தேங்காயெண்ணெய் உறையும். தை மாதம் நுவரெலியாவில் ஒரு கல்யாணம். குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை, உள்ளே வெள்ளை மெழுகாக நிற்கிறது. குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். போத்தலை மாராப்புக்குள் சொருகிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அன்றிலிருந்து எண்ணெய்ப் போத்தல் முதல் நாள் ராத்திரியே வெந்நீர்ச் சட்டி பக்கத்தில் உட்காரும். நெய்க்கும் அதே கதிதான்.

இட்லி மாவு பொங்காது. கொழும்புச் சமையற்காரர் ஒருவர் ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டி வைத்துவிட்டுத் தூங்கினார். நாலு மணிக்கு மூடியைத் திறந்தால் மாவு வைத்தபடியே இருக்கிறது. அன்றைக்கு இட்லிக்குப் பதில் தோசை என்று மாற்றி, முந்நூறு பேருக்கு ஆறு கல்லில் ஊற்றினோம். மாவை ஒரு நாள் முன்கூட்டி ஆட்டி, கம்பளி சுற்றி, அடுப்புத் திண்ணையில் வை. தயிரும் அப்படித்தான்.

பருப்பு வேகாது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடற்கரையில் 100 பாகை, ஹட்டனில் 96க்குக் கிட்ட, நுவரெலியாவில் 94க்குக் கிட்ட. தளதளவென்று கொதிக்கிறதே என்று பார்த்து ஏமாறாதே, சூடு போதாது. கொண்டைக்கடலையை முதல் நாள் மத்தியானமே ஊறப்போடு. கீழ்நாட்டுச் சமையற்காரர் சொல்கிற நேரத்தோடு கூடக் கொஞ்சம் சேர்த்து அடுப்பைப் பற்றவை. பள்ளிக்கூடத்தில் இதை நான் படிக்கவில்லை. வேகாத கடலையை மென்ற ஒரு சம்பந்தியின் முகத்தில் படித்தேன்.

தீப்பெட்டி நமத்துப்போகும். பிளாஸ்டிக் டப்பாவில் அரிசிக்குள் புதைத்து வை. ஹோமத்துக்குச் சமித்தும் அப்படியே. ஈரக் குச்சி தகரக் கூரைக்குக் கீழே புகைந்தால் தாலி கட்டுகிற நேரத்தில் சபை முழுக்க அழும், யாருக்காக அழுகிறார்கள் என்று தெரியாது.

5. பூவும் இலையும். ரோசா, கார்னேசன் எல்லாம் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டக்காரரிடமே கிடைக்கும். மல்லிகை இந்தக் குளிரில் பூக்காது, கீழேயிருந்துதான் வரவேண்டும். வாழையும் அப்படித்தான். வாசலுக்குக் குலையோடு ரெண்டு வாழைமரமும் பந்திக்கு இலையும் கினிகத்தேனை, நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து ஏறி வரும். வருகிற லொறி மழையில் நின்றுவிட்டால்? ஐம்பது இலையாவது கூடுதலாக முதல் நாளே வந்திருக்கட்டும். இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு இலை, மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் தட்டு என்று ஆகும். அதைவிட எல்லாருக்குமே தட்டு வைத்துவிடலாம்.

6. என் தோள் பையில் இருக்கும் சாமான்: மஞ்சள் தடவிய நூல் ஒன்று, விரலி மஞ்சள் ரெண்டு, ஊக்கு ஒரு அட்டை, கத்தரிக்கோல், கறுப்பு நூல், ஊசி, டோர்ச், தீப்பெட்டி, பனடோல், உப்பு. உப்பு எதற்கு என்று டவுன் பிள்ளை கேட்டாள். மழைநாளில் பொண்ணின் காலில் அட்டை ஏறும், தங்கச்சி. கத்தாமல், யாருக்கும் தெரியாமல் உப்பை வைத்து எடுத்துவிட்டு வேறு பேச்சு பேசு.

மஞ்சள் நூலை இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தரம்தான் எடுத்தேன். தாலிப் பெட்டியைப் பஸ்ஸில் மேல்தட்டில் வைத்து மறந்துவிட்டார்கள், பஸ் டீசல் அடிக்க டவுனுக்குப் போய்விட்டது. மாமியார் முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தார். விரலி மஞ்சளை நூலில் முடிந்து கொடுத்தேன், குருக்கள் தலையசைத்தார். தங்கம் பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. சபையில் ஏழு பேருக்குக்கூட அது தெரியாது. மணமக்களுக்கு இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.

7. எழுத்து. பதிவாளருக்கு முன்னறிவித்தல் கொடுக்கிற வேலை வீட்டாருடையது. ஆனால் அன்றைக்குப் பேனா எழுதாவிட்டால் உன் தலை. மேசை, விரிப்பு, ரெண்டு பேனா, ரெண்டு சாட்சி. சாட்சிகளின் அடையாள அட்டையை முதல் நாள் ராத்திரியே வாங்கிப் பார்த்துவிடு. பொண்ணுக்கு 18 முடிந்ததா என்று பிறப்புப் பத்திரத்தில் நீயும் ஒரு தரம் பார். 1995இல் சட்டம் மாறியதிலிருந்து 18க்குக் கீழே எழுத்து கிடையாது. குறைந்திருந்தால் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வா. அப்படி ரெண்டு வீட்டிலிருந்து வந்திருக்கிறேன், ஒரு வீட்டில் ஏசினார்கள்.

பேரெழுத்து நம்ம ஆட்களுக்குப் பெரிய வில்லங்கம். அந்தக் காலத்தில் பதிவு எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார்; அவருக்குத் தமிழ் தெரியாது. அட்டையில் ஒரு பேர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பேர், அப்பாவின் பேர் இன்னொரு விதம். இதைக் கல்யாணத்தன்று கண்டுபிடித்தால் ஒன்றும் செய்யமுடியாது, ஒரு மாதம் முன்பு கண்டுபிடித்தால் வழி உண்டு. ஆகவே முதல் பேச்சுவார்த்தையிலேயே பத்திரங்களைக் கேள். கிழவிகள் பெட்டிக்கடியிலிருந்து பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். மெதுவாகப் பிரி. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே என்று பிரித்தபோது, யார் கப்பலேறுவது யார் இருப்பது என்பதைக் காகிதம்தான் முடிவு செய்தது. அவர்கள் கை நடுங்குவது வயசால் மட்டுமில்லை.

8. குருக்கள் ஒரே முகூர்த்தநாளில் மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருப்பார். அவரைக் கூட்டிவரும் ஆட்டோ நம்முடையதாக இருக்கட்டும். பொண்ணு வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம், மாப்பிள்ளை வீட்டில் திருக்கணிதம் என்றால் நேரம் முன்பின்னாக இருக்கும். அதை ரெண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு மாதம் முன்பே பேசி முடிக்கட்டும். மணவறையில் நீ வாயைத் திறக்காதே.

9. எத்தனை பேருக்குச் சமைப்பது? ஹோட்டலில் தலைக்கு இவ்வளவு என்று எண்ணி வைப்பார்கள். தோட்டத்தில் லயத்துக்கு ஒரு பத்திரிகை போகும், தோட்டம் முழுக்க வரும். ஆகவே பத்திரிகையை எண்ணாதே, லயத்துக் காம்பராவை எண்ணு. கோயில் திருவிழாவுக்கு வரி எழுதுகிற கொப்பி கமிட்டிக்காரரிடம் இருக்கும். குடும்பக் கணக்கு அதில் சுத்தமாக இருக்கும். அரிசிக்கு என் கணக்கு நூறு பேருக்கு 12 கிலோ, மலையில் வேலை செய்கிற சனத்துக்கு 15. குளிர் பசியைக் கிளப்பும்.

வேலைநாளில் முகூர்த்தம் விழுந்தால் கவனமாகக் கேள். கல்யாணத்துக்காக எல்லாரும் பேரை, அதாவது ஒரு நாள் வேலையை, விடமுடியாது. 2024இல் நாள் சம்பளம் 1,350 ரூபா என்று வந்தது. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு, மொய்யும் எழுதவேண்டும். அதனால் பாதிப் பெண்கள் காலையில் மலைக்குப் போய், கொழுந்து நிறுத்துவிட்டு, குளித்து, சேலை மாற்றி, மூன்று மணிக்கு வந்து உட்காருவார்கள். அந்தப் பந்திதான் உனக்குப் பரீட்சை. முதல் பந்தியில் பதினோரு கறி வைத்து, கடைசிப் பந்தியில் சோறும் பருப்பும் அடித்தட்டு ரசமும் ஊற்றினாய் என்றால் நீ யாருடைய கல்யாணம் நடத்தினாய்? காலையிலேயே ஒவ்வொரு கறியிலும் ஒரு சட்டி எடுத்து, மூடி, துணி கட்டி, மேலே 'மலைப் பந்தி' என்று சுண்ணாம்பால் எழுதிவை. பொண்ணின் அப்பாவே வந்து கேட்டாலும் திறக்காதே. வடை எண்ணி வை. பாயாசமும். நான் அந்தப் பந்தியில் சாப்பிட்டவள். இலையில் வடை விழுகிறதா என்று முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும்.

10. சம்பளம் 10ஆம் திகதி. கல்யாணம் 12, 13இல் என்றால் மொய் கனமாக விழும். 8ஆம் திகதி என்றால் சனம் கடன் வாங்கி எழுதும். நாள் பார்க்கிறவர்களிடம் இதை மெதுவாக ஞாபகப்படுத்து.

மொய் மேசையில் ரெண்டு பேர்: ஒருவர் பொண்ணு வீட்டு ஆள், கையெழுத்து நன்றாக இருக்கவேண்டும், ஒருவர் மாப்பிள்ளை வீட்டு ஆள். நம்ம குழுவில் ஒருவரும் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது, எண்ணிக் கொடுக்கச் சொன்னாலும். பேரோடு 'மேட்டு லயம், ஆறாம் காம்பரா' என்று இடத்தையும் எழுதச் சொல். ஒரே தோட்டத்தில் நாலு ராமாயி இருப்பார்கள். திருப்பிச் செய்யவேண்டிய கடன் அது, தப்பிப் போகக்கூடாது. மைக்கில் தொகையை வாசிக்கிற பழக்கம் சில இடத்தில் உண்டு. முடிந்தவரை தடு. ஐந்நூறு எழுதியவளும் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து போகட்டும்.

11. பொண்ணு. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாள், சாப்பிட்டிருக்க மாட்டாள். நாலு மணிக்கு ஒரு ரொட்டியும் வாழைப்பழமும் பிட்டுப் பிட்டு ஊட்டிவிடு. அலங்காரம் செய்கிற பெண் உதட்டுச்சாயம் கெடும் என்பாள். கெட்டால் திரும்பப் பூசலாம், மயங்கி விழுந்தால்? சேலை கட்டுவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்வரச் சொல். லயத்துக் கழிப்பறை எவ்வளவு தூரம், வழி வழுக்குமா, ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறதா என்பதை நீ போய்ப் பார். தை மாத விடியலில் பல் அடித்துக்கொள்ளும். சேலைக்குள் தெரியாமல் போடுகிற மெல்லிய சுவெட்டர் டவுனில் கிடைக்கிறது. வீடியோக்காரர் 'சால்வையை எடுங்க' என்று கத்தினால், எடுக்கிற நிமிஷத்தில் மட்டும் எடு, உடனே போர்த்து.

படம் எடுப்பது பற்றி இன்னொன்று. கொழும்பிலிருந்து நுவரெலியா ஹோட்டலுக்கு வந்து கல்யாணம் செய்கிறவர்கள் தேயிலைக்குள் நின்று, முதுகில் கூடை மாட்டிப் படம் எடுப்பார்கள். அது அவர்கள் ஆசை. தோட்டத்துப் பொண்ணிடம் அந்தக் கூடையை நீட்டாதே. எடுக்க விரும்பினால் அவளே கேட்பாள். ஒருத்தி கேட்டாள், அவள் அம்மாவின் கூடைதான் வேண்டும் என்று. இன்னொருத்தி, "அக்கா, பின்னாடி ஒரு செடிகூடத் தெரியக்கூடாது" என்றாள். ரெண்டும் சரி.

12. குளவி. பந்தல் போடும் மரத்திலும், பக்கத்து மரங்களிலும், கோயில் கோபுரத்திலும் கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பார். தோட்டத்தில் குளவி கொட்டி ஆள் செத்த செய்தி வராத வருஷம் கிடையாது. அடுப்புப் புகை அந்தப் பக்கம் போகக்கூடாது. வெடி வேண்டாம். ட்ரோன்காரரை அங்கே பறக்கவிடாதே. அவரிடம் சிவில் விமான அதிகாரசபை அனுமதி இருந்தாலும் குளவிக்கு அது தெரியாது.

13. கரண்டும் கேஸும் இல்லாமல் கல்யாணம் நடத்தத் தெரிந்திருக்கவேண்டும். 2022 மார்ச்சு கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், கேஸ் கிடையாது, டீசல் வரிசை மைல் கணக்கில். அந்த மாதமும் நாங்கள் கல்யாணம் செய்தோம். கவ்வாத்து மிளாறும் காய்ந்த விறகும் கொண்டு சமைத்து, பெற்றோல்மெக்ஸ் வெளிச்சத்தில் பந்தி. மாப்பிள்ளை ஊர்வலம் நடந்து வந்தது. இளவட்டங்கள் புதுசாக இருக்கிறதே என்று சிரித்தார்கள். கிழவர்கள் "எங்க கல்யாணம் மாதிரி" என்றார்கள். கல் அடுப்பு கூட்டத் தெரியாதவன் நம்ம அடுப்படிக்கு வேண்டாம்.

14. மறைவில் ஒரு போத்தல் இருக்கும். போயா நாளில் கடை பூட்டினாலும் இருக்கும். ஒழிக்கப் பார்க்காதே, உன்னால் முடியாது. குடித்தால் சண்டை போடுகிற சித்தப்பா யார் என்று பொண்ணின் அம்மாவிடம் முன்பே கேட்டு, அவருக்கு ஒரு பொறுப்பான வேலை கொடு. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வது நல்ல வேலை. சத்தத்தில் அவர் பேசுவது யாருக்கும் கேட்காது.

15. தோட்டத் தலைவர், கோயில் கமிட்டி, தாய்மாமன், சலவைக்காரர், குடிமகன், தப்புக்காரர். நாம் வருவதற்கு முன்னால் நூற்றைம்பது வருஷம் இவர்கள்தான் கல்யாணம் நடத்தினார்கள். நாம் டீசேட் போட்டுக்கொண்டு வந்து "அண்ணே, ஓரமா நில்லுங்க" என்றால் நமக்கு அண்டா இரவல் கிடைக்காது, அதுவும் நியாயம்தான். மாமனுக்கு மாலை எங்கே, தலைவருக்குக் கதிரை எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்.

தப்புக்காரரைக் கடைசியில் கூப்பிட்டு அடுப்படிக்குப் பின்னால் சோறு போடுகிற வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதிதான், வேறு பேர் வைக்கத் தேவையில்லை. நம்ம குழு நடத்துகிற கல்யாணத்தில் அவர்கள் ரெண்டாம் பந்தியில், பந்தலுக்குள், இலையில் சாப்பிடுவார்கள். இதை முற்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுவேன். இதனால் மூன்று கல்யாணம் போனது. போகட்டும்.

16. சாவு. இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஒரு ஆவணி மாதம், பொகவந்தலாவைப் பக்கம். பந்தல் முடிந்து, காய்கறி வெட்டிக்கொண்டிருக்கிறோம். ராத்திரி ஒன்றரைக்குப் பணிய லயத்தில் ஒரு பாட்டி போய்விட்டது. காலை ஆறரைக்கு முகூர்த்தம். முகூர்த்தக்கால் நட்டாகிவிட்டது, நிறுத்தமுடியாது. நடத்தினால் இருபது காம்பரா தள்ளி ஒப்பாரி. பொண்ணின் அப்பா பேச்சில்லாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எனக்கு அனுபவம் குறைவு. ஏதோ திட்டம் சொல்லப் போனேன். தலைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு பணிய லயத்துக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். பாட்டியின் மகன் வாசலில் நின்றார். தலைவர் ஒன்றும் கேட்கவில்லை. மகன்தான் சொன்னார்: "தாலிய கட்டுங்க. நாங்க மத்தியானத்துக்கு மேலதான் எடுப்போம். அம்மாவும் அதுக்கு வாறதாத்தான் இருந்துச்சி."

திரும்பி வந்ததும் வேலை தானாக நடந்தது. ஒலிபெருக்கியைக் கழற்றினோம். கெட்டிமேளத்துக்கு மட்டும் மேளம் என்று குருக்களிடம் சொன்னோம். கதிரையில் அறுபதைப் பிரித்துப் பணிய லயத்துக்கு அனுப்பினோம். நம்ம அடுப்பில் கொதித்த தண்ணீரில் ஒரு பெரிய கேத்தல் தேத்தண்ணி கீழே போனது, விடியும்வரை நாலு தரம் போனது. தப்புக்காரர் நாலு பேர். கல்யாணத்துக்கு முற்பணம் வாங்கியவர்கள். மூத்தவர் வந்து மடியிலிருந்து பணத்தை எடுத்தார். "பாட்டிக்கு நாங்க அடிக்காட்டி யாரு அடிப்பா?" பொண்ணின் அப்பா பணத்தை வாங்கவில்லை. "ரெண்டுக்கும் சேத்து வச்சுக்கங்க" என்றார்.

தாலி கட்டியதும் பொண்ணும் மாப்பிள்ளையும் பின்பக்கப் பாதையால் காருக்குப் போனார்கள். சாப்பிட்ட சனம் கைகழுவிவிட்டு அப்படியே கீழே இறங்கியது. பட்டுச்சேலையோடு போன பெண்கள் வாசலில் நின்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஆகவே, ஒரு தோட்டத்தில் வேலை ஏற்றால் அங்கே யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று கேட்டு வை. எந்தப் பாதையில் பெட்டி போகும், எந்தப் பாதையில் பொண்ணு போகலாம் என்று தெரிந்து வை. முடிவை நீ எடுக்காதே. தலைவர் இறங்கிப் போகட்டும், நீ டோர்ச் பிடி.

17. காசு. பாதி முன்னால், மீதி முடிந்து மூன்றாம் நாள். மொய் மேசையிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்றால் வாங்காதே. "மணவறைக்கு இன்னும் நல்ல பூ போடலாம், ஐம்பதாயிரம்தான் கூட" என்று ஆசை காட்டி, அவர்கள் சங்கிலியை அடகு வைக்கவோ வாரக் கடன்காரனிடம் கையெழுத்துப் போடவோ காரணமாகாதே. வாராவாரம் அந்தக் கடன்காரன் லயத்து வாசலில் வந்து நிற்பான். அப்போது பூ காய்ந்திருக்கும். ஒருமுறை டவுன் மண்டபம் ஒன்றில், முன்பு பேசாத ஏதோ கட்டணம் பாக்கி என்று கதவைப் பூட்டி, பாத்திரம் எடுக்கவிடாமல் நிறுத்தினார்கள். என் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வாய்ப்பேச்சை நம்புவதில்லை, ஒரு தாளிலாவது எழுதி வாங்கு.

18. துப்புரவு. டவுன் மண்டபத்தில் பெருக்க ஆள் இருப்பார்கள். பெரட்டுக்களத்தில் நாம்தான். மறுநாள் விடிந்தால் அங்கே பெரட்டு. அதற்குள் பந்தல் கழன்று, குழி மூடி, இலை வாரி, சாம்பல் அள்ளி, களம் களமாக இருக்கவேண்டும். எத்தனை மணியானாலும். தூக்கம் வந்தால் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொள், குளிரில் நன்றாகவே தெளியும்.

போன ஆவணியில் அப்படி ஒரு இடத்தில் விடிய விடியப் பெருக்கிவிட்டு, லொறிக்காகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். சனம் ஒவ்வொருத்தராக வந்து நின்றது. முந்தின நாள் பொண்ணின் அம்மாவும் வந்தார். தலையில் கொங்காணி, முதுகில் கூடை. கையில் நலுங்கு மஞ்சள் இன்னும் போகவில்லை. ரெண்டு நாள் பேர் விட்டவர், மூன்றாம் நாளும் விடமுடியாது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டதும் 'ஆமா' என்றார். வரிசை மலைக்கு நகரும்போது என் பக்கம் திரும்பி, "அக்கா, கோயில் அண்டாவ குடுத்திட்டீங்களா, மூடி ரெண்டு இருந்துச்சே?" என்று கேட்டார்.

ஒரு மூடி லொறியில் இருந்தது. இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.